மிசிசிப்பியும் பாலாறும்: எல்லைகள் மேற்கே நகர்ந்த கதை

அமெரிக்க ஐக்கிய நாடுகள் வளர்ந்த வரலாற்றைக் காட்டும் நிலவரைபடத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கிழக்குக் கரையோரத்தில் 13 குடியேற்றங்கள் ஒரு நிறத்தில் இருக்கும். அடுத்த நிறத்தில் 1783, அதற்கடுத்த நிறத்தில் 1803, பிறகு 1845, 1846, 1848. அம்புக்குறிகள் எல்லாம் மேற்கு நோக்கிப் போகும். மாணவர்கள் ஆண்டுகளை வரிசையாக ஒப்பிப்பார்கள். "நாடு விரிவடைந்தது" என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும்.

ஆனால் நிலம் ரப்பர் அல்ல, இழுத்தால் விரிவதற்கு. ஒரு நாட்டின் எல்லை நகர்ந்தது என்றால், அந்த நிலம் யாரோ ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போயிருக்கிறது என்று பொருள். யார் கையிலிருந்து, எந்த வழியில், என்ன விலைக்கு என்ற மூன்று கேள்விகளையும் கேட்கும்போதுதான் இந்தப் பாடம் வரலாறாகிறது.

மறைமலைநகரில் சமூக அறிவியல் நடத்தும் நான், இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழக்குவதற்கு மாணவர்களை முதலில் அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்வதில்லை. நம் செங்கல்பட்டிலேயே தொடங்குகிறேன். காரணம் எளிது. அமெரிக்கர்கள் மேற்கே நகர்ந்த அதே காலத்தில், இங்கே வங்கக் கடலோரத்தை ஒட்டியிருந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியும் மேற்கே நகர்ந்தது. தமிழ்நாட்டில் அது கடலோரத்தை விட்டு உள்நாட்டில் பெற்ற முதல் பெரிய நிலப்பரப்பு நாம் வாழும் இந்த மாவட்டம்தான். எட்டாம் வகுப்பில் கம்பெனியின் வளர்ச்சியையும், ஒன்பதாம் வகுப்பில் அமெரிக்க விடுதலைப் போரையும் தனித்தனியாக நடத்துகிறோம். இரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்று மற்றொன்றை விளக்கும்.

1763: ஒரே ஆண்டு, இரண்டு கரைகள்

இரண்டு கதைகளும் சந்திக்கும் ஆண்டு 1763. ஏழாண்டுப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. அந்தப் போரை ஐரோப்பியப் போர் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வட அமெரிக்காவின் காடுகளிலும் மோதினார்கள், நம் வந்தவாசியிலும் மோதினார்கள். 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. அடுத்த ஆண்டு புதுச்சேரி வீழ்ந்தது. 1763-இல் பாரிசில் கையெழுத்தான ஒரே உடன்படிக்கை, கனடாவை ஆங்கிலேயருக்குக் கொடுத்தது. முகமது அலியை ஆர்க்காட்டு நவாப் என்றும் ஏற்றுக்கொண்டது.

அதே ஆண்டில் இரண்டு கரைகளிலும் நடந்ததைக் கவனியுங்கள். அமெரிக்காவில், அப்பலாச்சிய மலைகளுக்கு மேற்கே உள்ள நிலம் பூர்வகுடி மக்களுக்கு உரியது, குடியேறியவர்கள் அங்கே போகக் கூடாது என்று இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அறிவித்தார். அந்த மக்கள்மீது கொண்ட பரிவைவிட, இன்னொரு போருக்குச் செலவு செய்ய முடியாது என்ற கணக்கே அதில் மிகுதி. மேற்கே போகத் துடித்த குடியேறியவர்களுக்கு இந்தத் தடை கசந்தது. பின்னாளில் வெடித்த விடுதலைப் போரின் காரணங்களில் இதுவும் ஒன்று.

இந்தக் கரையிலோ, போர்ச் செலவுக்காகக் கம்பெனியிடம் கடன்பட்டிருந்த நவாப் முகமது அலி, சென்னையைச் சுற்றியிருந்த 2,000 சதுர மைலுக்கும் மேற்பட்ட நிலப்பகுதியை அதற்கு ஜாகீராகக் கொடுத்தார். 1765-இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலம் அதை உறுதிப்படுத்தினார். 'செங்கல்பட்டு ஜாகீர்' என்று ஆவணங்களில் வருவது இந்தப் பகுதிதான்.

ஓர் அரசர் தம் மக்களை மேற்கே போகாதே என்று தடுத்த ஆண்டில், அதே நாட்டு வணிகர்களுக்கு இங்கே மேற்கே போகக் கதவு திறந்தது. இந்த ஓர் ஒப்பீட்டைக் கரும்பலகையில் இரண்டு பத்திகளாக எழுதினாலே மாணவர்களின் கவனம் முழுவதும் நம் பக்கம் திரும்பிவிடும்.

ஏன் நகர்ந்தார்கள்?

காரணங்களை நான்காகப் பிரித்துக் கொள்ளலாம்.

முதலாவது, கடனும் போரும். செங்கல்பட்டு கைமாறியது நவாபின் கடனால். 1803-இல் லூசியானா கைமாறியது நெப்போலியனின் பணத்தேவையால். ஹைட்டித் தீவில் அடிமைப்பட்டிருந்த மக்கள் எழுந்து பிரெஞ்சுப் படையை நிலைகுலையச் செய்திருந்தார்கள். இங்கிலாந்துடன் மறுபடியும் போர் வரும் நிலை. எனவே மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே சுமார் 53 கோடி ஏக்கர் நிலப்பரப்பை 1.5 கோடி டாலருக்கு நெப்போலியன் விற்றார். வகுத்துப் பார்த்தால் ஏக்கருக்கு மூன்று சென்ட்கூட இல்லை. இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். பணம் யாருக்குப் போனது? பாரிசுக்கு. அந்த நிலத்தில் வாழ்ந்த ஓசேஜ், சூ போன்ற மக்களை யாரும் கேட்கவில்லை. செங்கல்பட்டிலும் அப்படித்தான். கொடுத்தவர் நவாப், பெற்றவர் கம்பெனி, உறுதி செய்தவர் பெயரளவில் ஆட்சி செய்த பேரரசர். உழுதவர் பெயர் எந்த ஏட்டிலும் கையெழுத்தாக இல்லை. இதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, 1754 ஜனவரியில், யார் ஆர்க்காட்டு நவாப் என்பது பற்றி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நம் சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக்காரர்களின் இடத்தில் அமர்ந்து பேச்சு நடத்தினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

இரண்டாவது, நிலத்திலிருந்து வரும் வருவாய். கம்பெனிக்கு வேண்டியது நிலவரி. அந்த வரியில்தான் படையை வைத்துக்கொள்ள முடியும். படை இருந்தால்தான் அடுத்த நிலத்தைப் பெற முடியும். அமெரிக்காவிலோ வேண்டியது நிலமே. 1790-இல் 39 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1860-இல் 3 கோடியே 14 லட்சமாகியது. தெற்கே பருத்தி ஒரே நிலத்தின் வளத்தை உறிஞ்சிவிட, பண்ணையார்கள் புது மண்ணைத் தேடி மேற்கே போனார்கள். தங்களோடு அடிமைகளையும் கொண்டு போனார்கள்.

மூன்றாவது, போட்டி. நாம் எடுக்காவிட்டால் வேறொருவர் எடுத்துவிடுவார் என்ற அச்சம். கம்பெனிக்கு முதலில் பிரெஞ்சுக்காரர், பின்பு ஹைதர் அலியும் திப்பு சுல்தானும். அமெரிக்காவுக்கு ஸ்பெயின், இங்கிலாந்து, மெக்சிகோ.

நான்காவது, ஒரு நம்பிக்கை. 1845-இல் ஜான் ஓ'சல்லிவன் என்ற பத்திரிகையாளர், கண்டம் முழுவதும் பரவுவது அமெரிக்கர்களுக்கு இறைவன் விதித்த வெளிப்படையான விதி என்ற பொருள்பட எழுதினார். கம்பெனி அதிகாரிகள் இறைவனை அழைக்கவில்லை; 'நல்லாட்சி' என்ற சொல்லை அழைத்தார்கள். எந்த எல்லை நகர்வுக்கும் இப்படியொரு நியாயம் தேவைப்படுகிறது. அது இல்லாமல் எடுப்பவருக்கு உறக்கம் வராது.

கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடல் வரை

கம்பெனியின் நகர்வை ஒரு தமிழ்நாட்டு வரைபடத்தில் மாணவர்களையே வரையச் சொல்லலாம். 1639-இல் சென்னையில் ஒரு துண்டுக் கடற்கரை. 1708-இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம் உள்ளிட்ட ஐந்து ஊர்கள். 1752-இல் ராபர்ட் கிளைவ் கோவளத்தையும் செங்கல்பட்டுக் கோட்டையையும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தார். 1763-இல் செங்கல்பட்டு ஜாகீர். 1792-இல் திப்புவுடன் செய்த சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகாலும் திண்டுக்கல்லும் மலபாரும். 1799-இல் திப்பு வீழ்ந்தபின் கோயம்புத்தூரும் கன்னடக் கரையும். 1801-இல் நவாபின் எஞ்சிய நாடு முழுவதும். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் கடற்கரையை ஒட்டியே இருந்த கம்பெனி, 1763-க்குப் பின் இருபத்தொன்பதே ஆண்டுகளில் மேற்குக் கடலைத் தொட்டுவிட்டது.

1792 உடன்படிக்கையைத் திப்புவின்மீது திணித்தவர் காரன்வாலிஸ். 1781 அக்டோபரில் யார்க்டவுனில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் சரணடைந்த அதே காரன்வாலிஸ்தான். அங்கே ஒரு நாடு பிறக்கக் காரணமான தோல்வியைச் சந்தித்தவர், இங்கே பதினொரு ஆண்டுகளில் கம்பெனியின் எல்லையை மேற்கே தள்ளினார். இரண்டு பாடங்களிலும் தனித்தனியாக வரும் இந்தப் பெயரை இணைத்துச் சொன்னால் மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

எதிர்ப்பும் இருந்தது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை மைசூர்ப் படை நொறுக்கியது. மேற்கே கொங்கு நாட்டில் தீரன் சின்னமலையும், மலபாரில் பழசிராஜாவும் 1805 வரை நின்றார்கள். அமெரிக்காவிலும் டெகும்சே, சிட்டிங் புல் போன்ற தலைவர்கள் நின்றார்கள். 1890 டிசம்பரில் வூண்டட் நீ என்ற இடத்தில் நடந்த படுகொலையோடு ஆயுதம் ஏந்திய எதிர்ப்பு ஓய்ந்தது.

வாளுக்குப் பின் வந்த சங்கிலி

நிலத்தைப் பிடிப்பது படை. பிடித்த நிலத்தைத் தனதாக்குவது அளவை. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்பவர் ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். எந்த ஊரில் எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, எத்தனை வீடு, ஏரி பராமரிப்புக்கு எவ்வளவு, கோயிலுக்கு எவ்வளவு, தச்சருக்கும் கொல்லருக்கும் காவலருக்கும் விளைச்சலில் எத்தனை பங்கு என்றெல்லாம் ஊர்க் கணக்கர்கள் தமிழில் ஓலையில் எழுதிய விவரங்கள் அதன் அடித்தளம். விளைச்சல் முழுவதும் ஒருவருடையதாக இல்லாமல் பலருடைய பங்குகளாக இருந்த ஊர் அமைப்பை அந்தக் கணக்குகள் காட்டுகின்றன. வரி எவ்வளவு எடுக்கலாம் என்று பார்க்க எடுத்த கணக்கு, இன்று அக்கால ஊர் வாழ்க்கைக்குச் சான்றாகிவிட்டது.

அமெரிக்காவில் 1785-ஆம் ஆண்டு நிலச் சட்டம், மேற்கு நிலத்தைப் பக்கத்துக்கு ஆறு மைல் கொண்ட சதுரங்களாக வெட்டியது. ஒவ்வொரு சதுரத்திலும் 640 ஏக்கர் கொண்ட 36 பகுதிகள். அவற்றில் 16-ஆம் பகுதி பொதுப் பள்ளிக்கூடத்துக்கு என ஒதுக்கப்பட்டது. ஆசிரியர்களாகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்திதான். ஆனால் அந்தப் பள்ளி நிலமும் முன்பு யாரோ வேட்டையாடிய, பயிரிட்ட நிலம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக மேற்குக் கடற்கரை வரை அளந்தபோது, தீபகற்பத்தின் அகலம் அதுவரை நினைத்திருந்ததைவிடச் சுமார் 40 மைல் குறைவு என்று தெரிந்தது. பின் தொடர்வண்டி. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடிய வண்டி, 1862-இல் மேற்குக் கரையில் பேப்பூரைத் தொட்டது. அமெரிக்காவில் 1869 மே மாதம் கிழக்குத் தண்டவாளமும் மேற்குத் தண்டவாளமும் யூட்டாவில் இணைந்தன.

'தரிசு' என்ற சொல்லின் வலிமை

விளைவுகளைப் பேசும்போது நான் முதலில் எடுப்பது ஒரு சொல்லை. எல்லை நகரும் இடமெல்லாம் 'வெறும் நிலம்' என்ற சொல் முன்னே நடந்து வரும்.

ஹைதர் அலியின் படையெடுப்புக் காலத்தில் ஜாகீரின் பல ஊர்களில் மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். ஏரிகள் உடைந்தன. உழுவார் இல்லாத வயல், கணக்கில் தரிசு ஆனது. 1794 முதல் 1798 வரை ஆட்சியராக இருந்த லயோனல் பிளேஸ் ஏரிகளைப் பழுதுபார்க்க முனைந்தார். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலில் தாயார் சன்னதிக் கல்வெட்டில் 'ஜாகீர்' என்ற சொல்லும் அவர் பெயரும் இன்றும் இருக்கின்றன. ஆனால் வரியும் ஏறியது. 1802-இல் ஜாகீரை மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்டு நிலையான வரி நிர்ணயம் செய்து பார்த்தார்கள். அது தோற்று, பின்னர் ரயத்துவாரி முறை வந்தது.

ஒரு வகுப்பில் 'தரிசு' என்று கரும்பலகையில் எழுதி, பொருள் கேட்டேன். "ஒண்ணும் விளையாத இடம்" என்றார்கள் பலர். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "எங்க தாத்தா ஆடு மேய்க்கிற இடம் சார்" என்றாள். இந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த நூலிலும் கண்டதில்லை. வரி தராத நிலம் கணக்கு எழுதுபவருக்கு வெறும் நிலம். அங்கே ஆடு மேய்ப்பவருக்கும், விறகு பொறுக்குபவருக்கும், குடிசை போட்டிருப்பவருக்கும் அது வாழ்வு.

நீலகிரியிலும் இதையே பார்க்கிறோம். 1819-இல் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் மலைமேல் ஏறினார். தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகள் சில பத்தாண்டுகளில் பங்களாக்களாகவும் தோட்டங்களாகவும் மாறின.

அமெரிக்காவில் விளைவு இன்னும் கொடியது. 1830-இல் பூர்வகுடிகளை அகற்றும் சட்டம் வந்தது. செரோக்கி மக்கள் அப்போது சொந்த எழுத்துமுறை வைத்திருந்தார்கள்; 1828 முதல் சொந்தச் செய்தித்தாள் நடத்தினார்கள்; வழக்காடினார்கள். 1832-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனாலும் 1838-39-இல் ஏறத்தாழ 16,000 பேர் சொந்த மண்ணிலிருந்து மேற்கே விரட்டப்பட்டார்கள். சுமார் 4,000 பேர் இறந்தார்கள். அதைக் 'கண்ணீர்ப் பாதை' என்கிறார்கள். நாகரிகம் இல்லாததால் அகற்றப்பட்டார்கள் என்ற வாதம் எவ்வளவு பொய் என்பதற்கு இந்த ஒரு சான்று போதும்.

இன்னொரு விளைவு உள்நாட்டுப் போர். புதிதாகச் சேரும் ஒவ்வொரு நிலமும் அடிமை மாநிலமா, அடிமையற்ற மாநிலமா என்ற சண்டையை வளர்த்தது. 1790-இல் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860-இல் ஏறத்தாழ 40 லட்சம். 1861-இல் போர் வெடித்தது. மேற்கே போட்ட அம்புக்குறி, வடக்கையும் தெற்கையும் பிளந்தது.

யாருக்கு நிலம்? 1862-உம் 1892-உம்

இந்தப் பாடத்தின் மிக முக்கியமான பகுதி இதுவென்று கருதுகிறேன்.

1862-இல் அமெரிக்க அரசு வீட்டுநிலச் சட்டம் கொண்டுவந்தது. ஐந்தாண்டு தங்கி உழுதால் 160 ஏக்கர், சிறு கட்டணம் மட்டும். இச்சட்டத்தின்கீழ் மொத்தம் 27 கோடி ஏக்கர் வழங்கப்பட்டது. பல ஏழைக் குடும்பங்களை அது வாழவைத்தது என்பது உண்மை. ஆனால் அந்த நிலத்தின் முதல் மக்களுக்கு அதில் இடமில்லை. அவர்களுக்கு 1887-இல் வேறொரு சட்டம் வந்தது. கூட்டாக வைத்திருந்த நிலத்தைக் குடும்பவாரியாகப் பங்கிட்டு, மிச்சத்தை வெளியாருக்கு விற்கும் சட்டம். 13.8 கோடி ஏக்கராக இருந்த அவர்களுடைய நிலம் 1934-க்குள் 4.8 கோடி ஏக்கராகச் சுருங்கியது.

நம் மாவட்டத்தில் நிலம் மிராசுதாரர்களிடம் இருந்தது. ஊர்த் தரிசு நிலத்துக்குத் தர்காஸ்து போட்டாலும் முதல் உரிமை அவர்களுக்கே. உழுத ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வயலும் இல்லை, குடியிருந்த மனையும் சொந்தமில்லை; எதிர்த்துப் பேசினால் வீட்டைவிட்டே வெளியேற்றலாம். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்கீர் இந்த நிலையை விரிவாக எழுதி, நிலமும் மனையும் பள்ளியும் வேண்டும் என்று அரசுக்கு அறிக்கை அனுப்பினார். 1892 செப்டம்பர் 30 நாளிட்ட அரசாணையின் வழியாகப் பஞ்சமி நிலங்கள் வந்தன. முதல் பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்ற எண் பரவலாகச் சொல்லப்படுகிறது.

இது மேலிருந்து வந்த கருணை மட்டும் அல்ல. மதுராந்தகம் அருகே கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் போன்றோர் அதே ஆண்டுகளில் அமைப்பும் இதழும் நடத்தி உரிமைக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1930-இல் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தவரும் அவரே. நிபந்தனை இருந்தும் அந்த நிலங்களில் பெரும்பகுதி காலப்போக்கில் பிறர் கைக்குப் போயிற்று. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் பஞ்சமி நில மீட்புக்காகத் திரண்டவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். நிலம் கைமாறிய வரலாறு நூற்றாண்டு கடந்தும் முடியவில்லை என்பதற்கு நம் ஊரே சாட்சி.

ஒப்பீட்டுக்கும் எல்லை உண்டு

இரண்டும் ஒன்றே என்று மாணவர்கள் எண்ணிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் வந்தவர்கள் குடியேறித் தங்கினார்கள். இங்கே கம்பெனி வரியைத்தான் எடுத்துப் போனது. அங்கே பூர்வகுடிகள் அகற்றப்பட்டார்கள். இங்கே உழுதவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், உரிமைகள்தான் மாறின. 1787-ஆம் ஆண்டு வடமேற்குச் சட்டப்படி 60,000 குடிமக்கள் சேர்ந்த புது நிலப்பகுதி, பழைய மாநிலங்களுக்குச் சமமான மாநிலமாகலாம். செங்கல்பட்டு ஜாகீருக்கு இலண்டனில் ஓர் இருக்கையும் கிடையாது. நம் ஊர்களில் நிலவிய சாதி ஏற்றத்தாழ்வைக் கம்பெனி உண்டாக்கவில்லை. ஆனால் அதைப் பட்டாவிலும் கணக்கிலும் எழுதி உறுதிப்படுத்தியதில் அதற்குப் பங்கு உண்டு. ஒற்றுமையைப் போலவே வேற்றுமையையும் அட்டவணையில் எழுதச் சொல்லுங்கள்.

வகுப்பறையில் செய்து பார்க்கலாம்

தொடக்க வகுப்புகளுக்கு ஊர்ப்பெயரே போதும். ஏரி, தாங்கல், சேரி, பாக்கம், காடு, மேடு என்று முடியும் பெயர்களைச் சேகரிக்கச் சொல்லலாம். காட்டாங்கொளத்தூர், பொத்தேரி, நின்னக்கரை என்று எங்களைச் சுற்றியுள்ள பெயர்களில் காடும் ஏரியும் கரையும் ஒலிக்கின்றன. இன்று அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்து வந்து படம் வரையட்டும்.

நடுநிலை வகுப்புகளுக்கு ஒரு கணக்கு. லூசியானா விலையை ஏக்கர் கணக்கில் வகுக்கச் சொல்லுங்கள். ஆறு மைல் சதுரத்தில் எத்தனை ஏக்கர் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விடை 23,040.

உயர்நிலை வகுப்புகளுக்கு ஒரு சொல்லகராதி. நஞ்சை, புஞ்சை, நத்தம், மேய்க்கால் புறம்போக்கு, தரிசு, சிட்டா, அடங்கல், அ-பதிவேடு ஆகியவற்றின் பொருளைக் கிராம நிர்வாக அலுவலரை வகுப்புக்கு அழைத்து விளக்கச் சொல்லலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே 'யார் பார்வையில் இந்தப் பெயர்?' என்று ஒரு பத்தி விடுங்கள்.

வாய்ப்பிருந்தால் ஒரு நாள் பயணம்: மதுராந்தகம் கல்வெட்டு, செங்கல்பட்டுக் கோட்டைப் பகுதி, சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை. 1824 உடன்படிக்கையில் டச்சுக்காரர்கள் இந்தியாவில் தங்களுக்கிருந்த இடங்களை ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்ததை அந்தக் கோட்டைச் சுவரருகே நின்று சொன்னால் போதும், தனிப் பாடம் வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'உங்கள் வீட்டுக்குப் பட்டா இருக்கிறதா? நிலம் எவ்வளவு?' என்று எந்த மாணவரையும் வகுப்பில் கேட்க வேண்டாம். நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளையும், புறம்போக்கில் குடியிருக்கும் பிள்ளையும், வேறு மாநிலத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவரின் பிள்ளையும் அதே வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். ஆவணங்கள் ஊருடையவையாக இருக்கட்டும், பிள்ளைகளுடையவையாக வேண்டாம்.

மறைமலைநகரும் சென்னைக்குத் துணை நகரமாகத் திட்டமிடப்பட்ட ஊர்தான். வயலும் ஏரிக்கரையுமாக இருந்த இடத்தில் இன்று மனைகளும் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. இந்த நகர்வால் பலருக்கு வேலையும் வீடும் கிடைத்தன. சிலருக்கு உழவு போயிற்று. நகரங்கள் இனியும் நகரும், எல்லைகள் இனியும் மாறும். அடுத்த முறை வரைபடத்தில் ஒரு நிறம் பரவும்போது, அந்த நிறத்துக்கு அடியில் யார் இருந்தார்கள் என்று நம் மாணவர்கள் கேட்டால், பாடம் நடந்துவிட்டது என்று பொருள்.